மாப்பிள்ளை பத்திரம்

அத்தியாயம் 6

வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்த சுடர்விழி, எழுந்து நிற்பதற்கு முன்பே கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"நாறுறது வண்டியா, வழக்கா, அக்கா?" என்றான் அவள் உதவியாளன் ஷஹ்பாஸ்.

"இப்போதைக்கு மில்லு."

திருவையாற்றுக்கு வடக்கே, கொள்ளிடக் கரையை ஒட்டி இருந்தது அந்த அரிசி ஆலை. நெல் ஊறப்போடும் தொட்டியில் தண்ணீரை மாற்றி வெகு நாளாகியிருக்க வேண்டும். புளித்த நாற்றம் கொட்டகை முழுவதும் நிறைந்து, மூக்கைத் தாண்டி நாக்கில் போய் ஒட்டியது. அதன் நடுவில் நின்றது வண்டி. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கக்கூடிய, ஒரு கை மாறிய பிக்கப். முகப்பு, கண்ணாடி, கூரை எல்லாம் காய்ந்த சேறு. பின்பக்கப் பெட்டியின் பக்கவாட்டில் மட்டும் சேறு இல்லை. அங்கே பளபளவென்று ஒரு கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ்.

ஃப்ளெக்ஸின் மூலையில் இறந்துபோன கோவிந்தராசு சின்னதாகச் சிரித்தார். மீதி இடம் முழுவதும் அவருடைய மச்சான் நாகநாதன் கை கூப்பி நின்றார்.

"போனது யாருன்னு விசாரிச்சுத்தான் மாலை போடணும் போலிருக்கு," என்று முணுமுணுத்தான் ஷஹ்பாஸ்.

"வாயை மூடு. அந்தம்மா நிக்கிறாங்க."

தூண் ஓரமாக நின்றிருந்தாள் மங்களாம்பிகை. நாற்காலி போட்டும் உட்காரவில்லை. இரண்டு நாளைக்கு முன்பு தஞ்சாவூர் மேலவீதியில் சுடர்விழியின் துப்பறியும் அலுவலகத்துக்கு மாடியேறி வந்தபோதும் இப்படித்தான் நின்றுகொண்டே பேசினாள்.

அவள் ஊர் செங்கரைப்படுகை. கொள்ளிடத்துக்குள்ளேயே இருக்கும் ஊர். மேட்டூரில் உபரித் தண்ணீரைத் திறந்தால் மழையே இல்லாமல் ஊரைச் சுற்றித் தண்ணீர் ஏறிவிடும். அந்த நேரத்தில் ஆட்களை வெளியே கொண்டுவருவதற்காக ஊரே சேர்ந்து இந்த வண்டியை வாங்கியது. கொடுத்தவர் அதிராம்பட்டினத்தில் பழைய வண்டி வியாபாரம் செய்யும் ஹபீப் முகம்மது. வண்டிக்குப் பொறுப்பு மங்களாம்பிகையின் சொந்த அண்ணன் நாகநாதன். ஓட்டுவதும் அவரே.

போன மாதம், ஆவணி ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் தண்ணீர் ஏறியது. ஆட்டைப் பிடிக்கப் போன அவள் புருஷன் கோவிந்தராசுவைக் கண்ணாடி விரியன் கடித்தது. மங்களாம்பிகை அண்ணனுக்குப் போன் செய்தாள். வண்டி வரவில்லை. கடைசியில் யாரோ டிராக்டர் கொண்டுவந்து ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை. பழுதான சாமான்களோடு வண்டியை விற்றுவிட்டதாக ஹபீப் மேல் நாகநாதன் போலீஸில் புகார் கொடுத்திருந்தார்.

"அந்த யாவாரி தெரிஞ்சேதான் பழுதை வித்தான்னு நிரூபிச்சுக் குடுங்கம்மா," என்று கேட்டாள். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

வண்டிகளைப் பற்றிச் சுடர்விழிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்து வண்டிகளைப் பார்த்துப் பார்த்து, மனிதர்களை விட வண்டிகள் குறைவாகப் பொய் சொல்லும் என்று தெரிந்துகொண்டு, அதன் பிறகுதான் தனியாகத் தொழில் தொடங்கினாள்.

நாகநாதன் ஒரு சாக்கை விரித்து, வண்டியோடு வந்த சாமான்களைக் கடை பரப்பியிருந்தார். சலவை வேட்டி, சட்டைப் பையில் கோவிந்தராசுவின் சின்னப் படம்.

"பாருங்க மேடம். ஜாக்கி. ஒரு முட்டையக்கூடத் தூக்காது. தீயணைக்கிற சிலிண்டர், காலி. ஸ்டெப்னி டயரு, மொட்டை. எல்லாத்தையும் நம்பி ஒரு ஊரே இருந்துச்சு!" அவர் குரல் உடைந்தது. "இது பாருங்க. வண்டி சேத்துல மாட்டுனா, முன்னாடி இருக்கிற இந்த வின்ச்சு மோட்டாரைப் போட்டு, கயித்தை மரத்துல கட்டி இழுக்கணும். கட்டுனேன். பட்டுனு அந்துருச்சு."

அறுந்த இரும்புக் கயிற்றைச் சுடர்விழி கையில் வாங்கினாள். துரு, காய்ந்த புண்ணின் பொருக்கு மாதிரி உதிர்ந்து உள்ளங்கையில் ஒட்டியது. தட்டிவிட்டும் போகவில்லை. இதைக் காசு வாங்கிக்கொண்டு ஒருவன் கொடுத்திருக்கிறான், உயிர் காக்கும் சாமான் என்று சொல்லி.

"சீ," என்றாள்.

"அதேதான் மேடம். சீ!" என்றார் நாகநாதன்.

அவர் அவ்வளவு வேகமாக ஒத்துக்கொண்டது அவளுக்கு ஏனோ பிடிக்கவில்லை. கயிறு வெளியே வரும் வாய்த்தகட்டில் விரலை ஓட்டிப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி வழுவழுவென்றிருந்தது. பிறகு முன் சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். சக்கரத்தின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குமிழ். அதன் முள் 'ஃப்ரீ' பக்கம் நின்றது. அடுத்த சக்கரத்திலும் அப்படியே.

"இந்த ரெண்டையும் கையால 'லாக்'குக்குத் திருப்பிட்டு, அப்புறம் உள்ள கியரைப் போட்டாதான் நாலு சக்கரமும் இழுக்கும். திருப்புனீங்களா?"

நாகநாதன் ஒரு கணம் குமிழைப் பார்த்தார். "திருப்புனேன் மேடம். அப்பவும் இழுக்கல."

"அப்புறம் ஞாபகமா பழையபடி திருப்பி வெச்சீங்களா?"

"வெச்சிருப்பேன். மாப்பிள்ளை அங்க சாவக்கிடக்கிறாரு. நான் என்னத்தைக் கண்டேன்?"

தங்கையின் புருஷனை அவர் மாப்பிள்ளை என்றுதான் சொல்வார். படுகையில் பாதிப் பேருக்குக் கோவிந்தராசு மாப்பிள்ளைதான். பெண் எடுத்த ஊரிலேயே குத்தகைக்கு நிலம் பிடித்துக் குடியேறியவர்.

சுடர்விழி மங்களாம்பிகையிடம் வந்தாள். "அன்னிக்குப் போன்ல அண்ணன் என்ன சொன்னாரு?"

"கிளம்பிட்டேன், வந்துகிட்டே இருக்கேன்னுச்சு. மறுபடி அடிச்சேன். வண்டி சேத்துல மாட்டிக்கிச்சு, பயப்படாதன்னுச்சு. பின்னாடி ஒரே கூச்சல். யாரோ 'மாப்பிள்ளை பத்திரம், மாப்பிள்ளை பத்திரம்'னு கத்துனாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரரு மேல ஊருக்கு இவ்வளவு பாசமான்னு நினைச்சுகிட்டேன். அவரு காதுலயும் சொன்னேன். வண்டி வந்துரும், உங்களைப் பத்தித்தான் அங்க பேசிக்கிறாங்கன்னேன். சிரிச்சாரு."

நாகநாதன் தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

* * *

பட்டுக்கோட்டை சாலையில் கார் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் குறுவை அறுப்பு முடிந்த வயல்கள். களத்தில் கொட்டிய நெல்லைத் தார்ச்சாலையில் பாதி வரை பரப்பி வைத்திருந்தார்கள்.

"அக்கா, அந்த ஹபீப் பாயை ஊருல எப்படிப் பேசுறாங்கன்னு டீக்கடையில கேட்டேன்," என்றான் ஷஹ்பாஸ். "மோசக்காரன்னு ஆரம்பிச்சாங்க. டீ ஆறுறதுக்குள்ள 'அந்த ஆளுங்களே அப்படித்தான்'னு முடிச்சாங்க. டீ நல்லா இருக்கா தம்பின்னு என்கிட்ட கேட்டாங்க. பேரு கேக்கல. தாடி வேற இல்லையா, டீக்குச் சீனி கூடுதலாவே போட்டாங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். சுடர்விழி சிரிக்கவில்லை.

"அவரு குத்தவாளியா இருந்தா அதையும் சொல்லித்தான் ஆகணும், ஷஹ்பாஸ்."

"தெரியும்க்கா. அதான் உங்ககிட்ட வேலை பாக்கிறேன்." வயல் பக்கம் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான். "ஒண்ணு கேக்கட்டா? வண்டிக்கு அடியில மல்லாக்கப் படுத்து எழுந்தீங்க. உங்க முதுகுல எண்ணெய்க்கறை இருக்கு. மண்ணு ஒரு பொட்டுக்கூட இல்லையே?"

சுடர்விழி பிரேக்கை மிதித்தாள். பின்னால் வந்த மினி பஸ் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போனது.

"கூரையில சேறு. கண்ணாடியில சேறு. அடியில இல்ல," என்றாள் மெதுவாக.

"வண்டி தலைகீழா ஓடியிருக்குமோ?"

"இல்ல. சேறுதான் வாளியில வந்திருக்கு."

* * *

ஹபீப் முகம்மதுவின் கடை பாதி ஷட்டரில் இருந்தது. வாசலில் நின்ற இரண்டு வண்டிகளுக்குக் கண்ணாடி இல்லை. சுவரில் யாரோ தாரால் எழுதியிருந்ததைச் சுண்ணாம்பு அடித்து மறைத்திருந்தார்கள். சுண்ணாம்புக்கு மேலேயும் அது தெரிந்தது.

"திட்டுறதுன்னா வெளியில நின்னே திட்டிட்டுப் போங்க," என்றது உள்ளிருந்து ஒரு குரல். "உள்ள உக்கார நாற்காலி இல்ல. எல்லாத்தையும் ஒடச்சாச்சு."

"திட்டுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி," என்றாள் சுடர்விழி. "அந்த வண்டிக்கு நீங்க என்ன கயிறு போட்டுக் குடுத்தீங்க?"

அறுபதைத் தாண்டிய மனிதர். கைலியை இறக்கி விட்டுக்கொண்டு எழுந்து வந்தார். இந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"கயிறா? நைலான் மாதிரி நாருக் கயிறும்மா. ஆரஞ்சு கலரு. இந்தக் கடக்காத்துல இரும்புக் கயிறு என்னத்துக்கு ஆவும்? அதுக்காகவே வாய்த்தகட்டையும் வழவழன்னு இருக்கிறதா மாத்தினேன். அதுல இரும்பு ஓடுச்சுன்னா ஒரு இழுவையிலேயே அரம் தேச்ச மாதிரி ஆயிரும்."

சுடர்விழி தன் விரல் நுனியைப் பார்த்துக்கொண்டாள். இரும்புக் கயிறு அறுந்துபோகும் வரை இழுத்ததாகச் சொன்ன தகட்டில் ஒரு கீறல் இல்லை.

"ஜாக்கி?"

"என் லாரியையே தூக்கிக் காட்டினேன். பொது வண்டி, உசிரு சமாச்சாரம்னு சொன்னாங்க. அப்படியே சாவியைக் குடுத்துருவேனா? அந்த நாகநாதனை இங்க அலையாத்திக் காட்டு ஓரத்துல, முழங்காலளவு உளைச் சேத்துல இறக்கி ஓட்டச் சொன்னேன். அவரே கீழ இறங்குனாரு, ரெண்டு குமிழையும் திருப்புனாரு, ஏறுனாரு. வண்டி மாடு மாதிரி ஏறி வந்துச்சு. கயித்தை மாட்டி இழுத்தும் பாத்தோம். எல்லாத்தையும் ஒரு தடவை செஞ்சு பாக்காம வாங்காதீங்கன்னு நான்தான் வற்புறுத்துனேன். அவரு அவசரப்பட்டாரு. போட்டோ எடுக்கணும்னாரு."

"இதையெல்லாம் ஸ்டேஷன்ல சொன்னீங்களா?"

"சொல்ல விட்டாத்தானே? தினமும் வரச் சொல்லி ஒக்கார வைக்கிறாங்க." அவர் கைலி முனையால் முகத்தைத் துடைத்தார். "ஒரு மனுசன் போயிட்டாரும்மா. மொதல்ல எனக்கே சந்தேகம் வந்துருச்சு. நான் பாக்காம விட்டது ஏதாச்சும் இருந்துச்சோ, என்னாலதான் செத்தாரோன்னு சோறு எறங்கல."

ஷஹ்பாஸ் உடைந்து கிடந்த நாற்காலி ஒன்றை எடுத்து, கால்களைச் சேர்த்து வைத்து, அது நிற்காது என்று தெரிந்ததும் மெல்லக் கீழே வைத்தான்.

* * *

மறுநாள் காலை அதே கொட்டகை, அதே நாற்றம். இன்றைக்குச் சுடர்விழி கைக்குட்டையை எடுக்கவில்லை. இதை விட மோசமான ஒன்று இங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது என்ன என்பதுதான் மிச்சம்.

வண்டி சேற்றுக்குப் போகவில்லை. அப்படியானால் அன்றைக்கு எங்கே போயிருந்தது?

"யாவாரியைப் பாத்தீங்களா மேடம்? என்ன சொல்றான்?" என்று ஆவலாகக் கேட்டார் நாகநாதன்.

"எல்லாம் நல்லாத்தான் குடுத்தேன்னு சொல்றாரு."

"சொல்லுவான், சொல்லுவான். மங்களம், கேட்டியா?"

மங்களாம்பிகை தலையாட்டினாள். அதே தூண், அதே நிற்பு.

"சாவி குடுங்க சார்," என்றான் ஷஹ்பாஸ். "ஏசி போட்டு உள்ளயாவது உக்காந்துக்கிறேன். இந்த மில்லுல இன்னும் கொஞ்ச நேரம் நின்னேன்னா என்னையும் புழுங்கலா மூட்டை கட்டிருவாங்க."

"ஏசி ஓடாது தம்பி..."

அவர் சொல்லி முடிப்பதற்குள் ஷஹ்பாஸ் அவர் கையிலிருந்த சாவியை வாங்கிக்கொண்டு ஏறி, எஞ்சினைக் கிளப்பி ஏசி விசையைத் திருகிவிட்டான். ஏசி ஓடத்தான் செய்தது. காற்றுத் துவாரங்கள் ஒரு முறை இருமின. அடுத்த நொடி, தங்கமும் ரோஜா நிறமுமாகப் பொடிப்பொடிக் காகிதங்கள் புஸ்ஸென்று கிளம்பி அவன் முகத்தில், தலையில், சட்டைக் காலரில் கொட்டின.

எஞ்சினை அணைத்துவிட்டு அவன் கீழே இறங்கினான். மீசையில் ஒரு தங்கத் துண்டு மினுங்கியது.

"அக்கா," என்றான், "எனக்கு யாரோ கல்யாணம் பண்ணி வெச்சுட்டாங்க."

சிரிக்க வேண்டிய இடம். சுடர்விழி சிரிக்கவில்லை. அவன் தோளிலிருந்து ஒரு துண்டை எடுத்து விரல்களுக்கு நடுவில் தேய்த்தாள். ரிசப்ஷனில் மாப்பிள்ளை பெண் ஊர்வலமாக வரும்போது, பக்கத்தில் வைத்துக் குழாய் மாதிரி ஒன்றை வெடிக்கிறார்களே, அந்தக் காகிதம். புதுசு. நிறம்கூட மங்கவில்லை.

அப்போது அது அவள் காதில் மறுபடி விழுந்தது. மங்களாம்பிகை சொன்ன அதே வார்த்தைகள். இந்தத் தடவை வேறு அர்த்தத்தில்.

"மங்களம்மா," என்று திரும்பினாள். "போன்ல 'மாப்பிள்ளை பத்திரம்'னு கத்துனாங்கன்னீங்களே. எந்த மாப்பிள்ளை?"

"எங்க வீட்டுக்கா..."

அவள் நிறுத்திக்கொண்டாள்.

"உங்க வீட்டுக்காரரு அப்ப உங்க மடியில கிடந்தாரு. வண்டில இல்ல. வண்டில நின்னுகிட்டிருந்த மாப்பிள்ளை யாரு?"

"என்ன மேடம் பேசுறீங்க?" நாகநாதன் முன்னால் வந்தார். "அந்தப் பேப்பரு பழைய ஓனரு காலத்துது. அதிராம்பட்டினத்துலயே எவன் கல்யாணத்துக்கு ஓட்டுனானோ!"

"இருக்கலாம்," என்றாள் சுடர்விழி. மெல்ல நடந்து ஃப்ளெக்ஸின் முன்னால் போய் நின்றாள். "ஒரு சந்தேகம் மட்டும். ஃப்ளெக்ஸை எல்லாரும் கயித்துல கட்டுவாங்க, ஆணி அடிப்பாங்க. நீங்க ஏன் நாலு பக்கமும் பசை போட்டு ஒட்டியிருக்கீங்க?"

நாகநாதன் ஃப்ளெக்ஸுக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றார்.

"இதைப் பிரிச்சுப் பாக்கணும். உங்க வீட்டுக்காரரு படம் இருக்கு. நீங்க சரின்னாதான் தொடுவேன்," என்றாள் மங்களாம்பிகையிடம்.

"தொடக்கூடாது!" நாகநாதன் குறுக்கே கையை நீட்டினார். "மாப்பிள்ளை படத்தைக் கிழிக்கிறதா? பதினாறு முடிஞ்ச வீடு இது. மங்களம், இதெல்லாம் ஆகாதும்மா. சொல்லு, வேணாம்னு சொல்லு!"

மங்களாம்பிகை தூணை விட்டு வந்தாள். அண்ணனின் கையை விலக்கவில்லை. அதற்கு அடியில் குனிந்து போனாள். புருஷனின் முகம் இருந்த மூலையில் நகத்தை நுழைத்து, அந்த முகம் மடங்காதபடி, ஒட்டுப் போட்ட சேலையைப் பிரிப்பது போல அங்குலம் அங்குலமாக உரித்தாள். பசை நூல் நூலாக இழுத்தது. நாகநாதனின் கூப்பிய கைகள் சுருண்டு விழுந்தன.

அடியில் வெள்ளைப் பெயின்ட். அதன் மேல் பொன்னிற ஸ்டிக்கர் எழுத்துகள். பாதியைச் சுரண்டியிருந்தார்கள். சுரண்டும்போது பெயின்ட்டும் சேர்ந்து வரவே, அப்படியே விட்டிருந்தார்கள். மிச்சம் இருந்ததே போதும். 'நிவேதன் வெட்ஸ் சாருல...' கீழே ஒரு இதயம். இதயத்துக்குள் தேதி.

அந்த ஞாயிற்றுக்கிழமை.

ஷஹ்பாஸ் தலையிலிருந்த காகிதங்களைத் தட்டிவிட ஆரம்பித்தான். பதறிப்போய், கம்பளிப்பூச்சி விழுந்தவன் மாதிரி தட்டினான்.

"உயிர் காக்கிற வண்டியைக் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட்டீங்க," என்றாள் சுடர்விழி. குரலில் கோபம்கூட இல்லை. காலில் மிதித்த ஒன்றைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தாள். "எத்தனை முகூர்த்தம்?"

"மேடம், சும்மா நிக்கிற வண்டிதானே..." நாகநாதனின் நெஞ்சு ஏறி இறங்கியது. தங்கையிடம் திரும்பினார். "மங்களம், நான் வரமாட்டேன்னு நினைக்கலம்மா. கும்மோணத்துல மண்டப வாசல் வந்துருச்சு. மாப்பிள்ளை பொண்ணு மேல நிக்கிறாங்க. உன் போன் வந்ததும் இறக்கிடறேன்னு சொன்னேன். ஒரு பாட்டு முடியட்டும்னாங்க. அப்புறம் போட்டோன்னாங்க. நடுரோட்டுல மாப்பிள்ளையை இறக்கிவிட முடியுமா, நீயே சொல்லு? அதுக்குள்ள பின்னாடி காரா நிறுத்திட்டானுங்க. வண்டியை எடுக்க வழியில்ல. விரியன் கடிச்சா உடனே ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்."

"சேத்துல மாட்டிக்கிச்சுன்னு சொன்னியே," என்றாள் மங்களாம்பிகை.

"வேற என்ன சொல்றது?"

"நீ வரலன்னு சொல்லியிருக்கலாம். அப்பவே டிராக்டருக்கு ஓடியிருப்பேன். உன் வண்டிக்காகத்தான் அவரு வரப்பு மேல படுத்துக் கிடந்தாரு."

நாகநாதன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றினார்.

"நல்ல கயிறு, ஜாக்கி எல்லாம் எங்க?" என்றாள் சுடர்விழி.

"டெக்கரேஷனுக்கு இடைஞ்சலா இருக்குன்னு முன்னாடியே கழட்டி வீட்டுல போட்டிருந்தேன். இதெல்லாம் காயலாங்கடையில..."

"எப்ப வாங்குனீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். பதில் சொன்னது மங்களாம்பிகை.

"பொணம் வீட்டுல கிடக்கையில வெளிய போனியே. சேத்துல கிடக்கிற வண்டியை மீட்டுட்டு, மாலையும் வாங்கிட்டு வரேன்னு." அவள் குரல் ஏறவே இல்லை. "திரும்பி வந்தப்ப உடம்பெல்லாம் சேறு. அதோட என்னைக் கட்டிப் புடிச்சு அழுத. அண்ணன் பாவம், என்னமாப் போராடியிருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க. சேறு காய்ஞ்ச உன் வேட்டியை மறுநாள் நான்தான் அலசிப் போட்டேன்."

இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். பிறகு புடவையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"வெளிய தெரிஞ்சா நம்ம குடும்பத்துக்குத்தான் அசிங்கம்," நாகநாதன் கிசுகிசுத்தார். கண்ணில் ஒரு சின்ன நம்பிக்கை எட்டிப் பார்த்தது. "அந்த பாய் மேலயே போகட்டும் மங்களம். அவன் யாரு நமக்கு? வெளியாளு. மேடத்துக்கு வேண்டியதை நான் பாத்துக்கறேன்..."

சுடர்விழி கொட்டகைக்கு வெளியே போய் நின்று, வெயிலில் ஆழமாக மூச்சு இழுத்தாள். மில் நாற்றம் அங்கேயும் இருந்தது. பரவாயில்லை, இது நெல்லின் நாற்றம். போனை எடுத்துத் திருவையாறு காவல் நிலையத்தின் எண்ணைத் தட்டினாள்.

பக்கத்தில் ஷஹ்பாஸ் தன் போனில் பேசிக்கொண்டிருந்தான். "ஆமா பாய். எல்லாம் தெரிஞ்சிருச்சு. உங்க மேல ஒரு தப்பும் இல்ல." மறுமுனையில் ஏதோ கேட்டது. ஷஹ்பாஸ் போனைக் காதிலிருந்து எடுத்து அதையே பார்த்தான்.

"என்ன சொல்றாரு?"

"அல்ஹம்துலில்லாஹ்ன்னாரு. அப்புறம், ஆத்துல இன்னும் தண்ணி போவுதா, படுகையில ஆளுங்க இருக்காங்களான்னு கேக்கிறாருக்கா. வேற கயிறு எடுத்துகிட்டுக் கிளம்புறாராம். வண்டியை அப்படியே வெச்சிருக்கக் கூடாதாம்." போனைச் சட்டைப் பையில் போட்டான். "இதுக்கு ஜோக் ஒண்ணும் வரலக்கா."

"வரவேணாம்."

* * *

சப் இன்ஸ்பெக்டர் பரணிதரன் முதலில் நம்பவில்லை. வண்டியைச் சுற்றி வந்தார். குமிழ், தகடு, ஸ்டிக்கர் எழுத்து எல்லாவற்றையும் பார்த்தார். ஷஹ்பாஸ் மறுபடி ஏசியைப் போட்டுக் காட்ட, மிச்சமிருந்த காகிதம் அவர் தொப்பியில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் நாகநாதனை 'சார்' என்று கூப்பிடவில்லை.

"கொலைன்னு எழுத முடியாதும்மா," என்றார் மங்களாம்பிகையிடம். "ஆனா பொய்ப் புகார், தடயத்தை மாத்துனது, உயிர் போகக் காரணமானது, இதெல்லாம் நிக்கும். அந்த அதிராம்பட்டினத்துக்காரர் மேல இருக்கிற புகாரையும் முடிச்சுடலாம். நீங்க புதுசா ஒண்ணு எழுதிக் குடுக்கணும். குடுப்பீங்களா? யோசிச்சுக்குங்க. சொந்தம், ஊரு, நாளைக்கு நல்லது கெட்டது..."

"எழுதுங்க," என்றாள்.

ஏட்டு ஜீப்பின் முகப்பில் தாளை வைத்து எழுத ஆரம்பித்தார். மங்களாம்பிகை சொல்லச் சொல்ல எழுதினார். கைக்கு விலங்கு இல்லாமலே நாகநாதன் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் நின்று தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எப்படியும் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள் என்ற நினைப்பு அவர் முகத்தில் இருந்தது.

ஏட்டு நிமிர்ந்தார்.

"எதிரி உங்களுக்கு என்ன உறவு முறைம்மா?"

மங்களாம்பிகை அன்றைக்கு முதல் தடவையாக உட்கார்ந்தாள். தரையிலேயே உட்கார்ந்தாள். உரித்தெடுத்த ஃப்ளெக்ஸ் துண்டிலிருந்து புருஷனின் முகத்தை மட்டும் தனியாகக் கிழித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு உறவும் இல்லைங்க. அப்படியே எழுதிக்குங்க."